நைனா சொல்ல நான் எழுதிய ஊர்

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. இப்போது இதைச் சொல்ல வெட்கமில்லை. எழுபது தாண்டியவள் யாருக்கு முன்னால் நல்லவள் வேஷம் போடவேண்டும்? பள்ளிக்கூட நாளில் பக்கத்துப் பெஞ்சுக்காரியின் ரிப்பனைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். சித்தப்பா மகளுக்கு வேலூரிலிருந்து வரன் வந்தபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அதெல்லாம் சில்லறைப் பொறாமை. முழுசாக, எலும்பு வரைக்கும் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தி மீதுதான். அவள் ஒரு யானாதிப் பெண். ஆற்றிலும் ஏரியிலும் மீன் பிடித்து விற்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவளிடம் பொறாமைப்பட என்ன இருந்தது என்று கேட்பீர்கள். என் நைனா, என்னைப் பெற்ற அப்பா, அவள் பேச்சைச் சாப்பாட்டையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது போதாதா?

எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள், ஆரணியாற்றங்கரையில், பிச்சாட்டூருக்கு மேற்கே இருக்கிறது. ஆறு என்று பேர்தான். ஐப்பசி கார்த்திகையில் சில நாள் தண்ணீர் புரண்டு ஓடும், மிச்ச நாளெல்லாம் வெறும் மணல். ஒரே ஒரு கடைத்தெரு. அது நேராகப் போகாமல் நடுவில் வில்லாக வளையும். புத்தூர் பஸ் அந்த வளைவில் பின்னுக்கு வந்து, முன்னுக்குப் போய், மறுபடி பின்னுக்கு வந்துதான் திரும்பும். கடைத்தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சண்டை என்று வந்தால் இரண்டும். ஊரின் மேற்குக் கோடியில் மிஷன் காம்பவுண்டு. சர்ச், பள்ளிக்கூடம், ஒரு பெரிய கல்கிணறு, ஆறேழு ஓட்டு வீடுகள். கிணற்றுக்கு எதிர்வீடு எங்களுடையது.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. வெள்ளைக்காரத் துரை முதன்முதலில் இங்கே வந்தபோது இரண்டு இடத்தில் தோண்டி, இரண்டிலும் பாறைதான் வந்ததாம். எங்கள் கொள்ளுத்தாத்தா மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணி, நாலாம் நாள் காலையில் கைத்தடியை ஊன்றிக் காட்டிய இடத்தில் பத்தடியிலேயே தண்ணீர் பீறிட்டதாம். ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகையன்று பாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லுவார். சொல்லும்போது சபை மொத்தமும் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்க்கும். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவேன். வருஷத்தில் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் பட்டுப்புடவை கட்டினேன்.

நைனா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். சரித்திரமும் பூகோளமும் அவருடைய பாடங்கள். நான் பேசுவது எழுபதுகளின் கடைசியைப் பற்றி. அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரில் நிற்பவர் நிழலாகத்தான் தெரிவார். சந்திரகிரிக்குக் கோட்டை இருக்கிறது, திருப்பதிக்கு மலை இருக்கிறது, நம்ம ஊருக்கு ஒரு புஸ்தகமாவது இருக்கட்டும் என்று ஊரின் சரித்திரத்தையும் பூகோளத்தையும் எழுத ஆரம்பித்திருந்தார். சாயந்திரம் ஆறு மணிக்கு வராந்தா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லுவார், நான் நீளநோட்டில் எழுதுவேன். எழுதி முடித்ததும் "படிம்மா" என்பார். நான் படித்துக் காட்டுவேன். "உன் கைதான் என் கண்ணு" என்று ஒருநாள் சொன்னார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாசம் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட வந்தாள் அவள்.

ஒரு நாள் காலையில் நைனா தனியாக ஆற்றுப்பக்கம் நடந்துபோயிருந்தார். ஒன்பது மணிக்கு அவள் அவருடைய கைத்தடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இவர் பின்னால் வந்தார். இடுப்பு வரைக்கும் ஈரம். வேட்டியில் மணல்.

"புதைமணல்ல கால் வச்சிட்டாரு. நல்ல வேளை, நான் பக்கத்து மடுவுல தூண்டி போட்டுக்கினு இருந்தேன்," என்றாள்.

நான் பதறிப்போய்த் துண்டோடு ஓடினேன். நைனா துண்டைக்கூட வாங்கவில்லை. அவள் பக்கம் திரும்பி, "மேல பாத்தா காஞ்ச மணலாத்தானே இருந்துச்சு? உனக்கு எப்படிம்மா தெரியும் அங்க புதையும்னு?" என்று கேட்டார்.

"நடக்கறதுக்கு முந்தி ஆறு எங்க படுத்துக்கினு கீதுன்னு தெரியணும் ஐயோரே. மேல காஞ்சாலும் அடியில அது படுத்துக்கினுதான் இருக்கும்." எங்கள் பக்கத்தில் வாத்தியாரை ஐயோரு என்றுதான் சொல்வார்கள்.

நைனாவின் முகத்தைப் பார்த்தேன். நான் பி.எட். பாஸ் பண்ணிய அன்றுகூட அந்த முகம் அப்படி மலரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் அவள் தினமும் வந்தாள். மீனை விற்றுவிட்டு, காலிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு வராந்தாப் படியில் குந்துவாள். நைனா கேட்பார், அவள் சொல்லுவாள். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவதுபோல் பாவனை செய்வேன். முதல் நாள் அவளுக்கு அலுமினிய டம்ளரில் காபி கொண்டுவந்து படியில் வைத்தேன். எங்களுக்கு எவர்சில்வர். நைனாவுக்குக் கண் தெரியாதே ஒழிய காது நன்றாகக் கேட்கும். டம்ளர் சிமெண்டில் பட்ட சத்தத்திலேயே அது எந்த டம்ளர் என்று தெரிந்துவிட்டது. தன் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீ இத்த குடிம்மா. எனக்கு அது போதும்." அவள் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டாள். நான் உள்ளே போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று தேய்த்தேன்.

மறுநாளிலிருந்து மூன்று எவர்சில்வர் டம்ளர். மறுவாரம் படியிலிருந்து பெஞ்சுக்கு ஏறினாள். "குந்தும்மா, துன்னியா?" என்று அவளைக் கேட்பார் நைனா. நான் சாப்பிட்டேனா என்று அவர் கேட்டு எத்தனை நாளாச்சு என்று விரல்விட்டு எண்ணினேன்.

இவள் சொன்ன கதைதான் என்ன? ஆறு ஒரே இடத்தில் இருந்ததில்லை என்றாள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் காலத்தில் அது இன்றைய கடைத்தெரு வழியாகத்தான் ஓடியதாம். கடைத்தெரு வளைகிறதே, அது பழைய கரையாம். அவர்கள் கரையிலேயே குடிசை போட்டிருந்தார்கள். ஒரு பெருவெள்ளத்தில் ஆறு கிழக்கே நகர்ந்தது, இவர்களும் கூடவே நகர்ந்தார்கள். விட்டுவிட்டுப் போன மேட்டில் உழவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், அப்புறம் செட்டியார்கள், அப்புறம் மிஷன். "நாங்க ஆத்தோட போனோம். நீங்கெல்லாம் எங்க பழைய வீட்டுமேல வந்து குந்திக்கினீங்க," என்று சிரித்தாள். மிஷன் காம்பவுண்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் பாத்தேரு. தெலுங்கில் பழைய ஆறு என்று அர்த்தம்.

"கதை விடாதே," என்றேன் நான்.

அவள் கோபப்படவில்லை. கடப்பாரை கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் புழக்கடையில் முருங்கைமரத்துப் பக்கத்தில் தோண்டினாள். இடுப்பளவு ஆழத்தில் களிமண் போய் மணல் வந்தது. மணலில் உருண்டை உருண்டையாகக் கூழாங்கல், நத்தை ஓடு. ஒரு கை நிறைய அள்ளி நைனாவின் கையில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். "நாப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் கொடுத்தேன். என் புழக்கடையில ஆறு இருக்குன்னு எனக்குத் தெரியல பாரு!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். அந்தக் கற்களைத் தலைமாட்டு ஜன்னலில் வரிசையாக வைத்துக்கொண்டார். பெருக்கும்போது விளக்குமாற்றால் ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டேன். வேண்டுமென்றேதான்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் அவள் கிணற்றில் கை வைத்தாள்.

துரை இரண்டு இடத்தில் தோண்டித் தண்ணீர் வராமல் நின்றபோது, அவளுடைய முத்தாத்தா, அதாவது தாத்தாவுக்கு அப்பா, அங்கே எலி பிடித்துக்கொண்டிருந்தாராம். "இங்க தோண்டுங்க தொரே, ஆறு இங்கதான் படுத்துக்கினு கீது" என்று காட்டினவர் அவராம். மணலுக்குள் இறங்கி முதல் கூடை எடுத்தவரும் அவராம். கிணறு கட்டி, கல் பதித்து, துரை ஜெபம் பண்ணி முடித்ததும், யானாதிகள் எட்ட நிற்கவேண்டும், யாராவது இறைத்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம் என்று ஆகிவிட்டதாம்.

"யாரு அப்பிடி சொன்னது?" என்று நைனா மெதுவாகக் கேட்டார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம், "உங்க தாத்தாதான்னு சொல்வாங்க ஐயோரே. அவருதானே கிணத்துக்கு மேஸ்திரியா இருந்தாரு. எனக்கு இன்னா தெரியும், நான் பாத்தேனா?" என்றாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எங்க வீட்டு பெஞ்சுலயே குந்திக்கினு எங்க தாத்தாவையே பேசுறியா?" என்று எழுந்தேன். நைனா கையைத் தூக்கி என்னை அடக்கினார். என்னை! அவள் போன பிறகு சொன்னார்: "எங்க நைனா, உன் தாத்தா, சாவறதுக்கு முந்தி ஏதோ சொல்ல வந்தாரும்மா, அந்தக் கிணத்தைப் பத்தி. உபவாசமெல்லாம் அப்புறம் சேத்ததுன்னு. நான் காதுல வாங்கல. முதல் அத்தியாயத்த கிழிச்சிடு. புதுசா எழுதலாம்."

புதுசாகச் சொன்னார். இந்த ஊரின் சரித்திரம் யானாதிகளிடமிருந்து தொடங்குகிறது என்று ஆரம்பித்தார். ஆறு நகர்ந்த கதை, கடைத்தெரு வளைந்த கதை, கிணற்றுக்கு இடம் காட்டியவர் அவளுடைய முத்தாத்தா என்று பேரோடு, கடைசியில் அவர்களை எட்ட நிறுத்தியது தன் சொந்தப் பாட்டனார் என்பது வரைக்கும். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்.

நான் எழுதவில்லை. அவர் சொன்னதை எழுதவில்லை, ஆனால் பேனா ஓடியது. பழைய அத்தியாயத்தைத்தான் அழகாக மறுபடி எழுதினேன். துரை, உபவாசம், கைத்தடி, என் கொள்ளுத்தாத்தாவின் பேர். யானாதி என்ற வார்த்தையே அதில் கிடையாது. வரிக்கு வரி அவர் சொல்லி நிறுத்தும்போது நானும் நிறுத்தினேன். பேனாச் சத்தம் அவருக்குக் கேட்கவேண்டுமே.

"படிம்மா," என்றார்.

அவர் சொன்னதையெல்லாம் ஞாபகத்திலிருந்து ஒப்பித்தேன். மூன்றாம் வகுப்புக்குப் பாட்டும் பத்தியும் மனப்பாடம் செய்து பழகியவள் நான், ஒரு வார்த்தை பிசகவில்லை. "பேஷ்," என்று தலையாட்டினார். எனக்கு அன்று உள்ளுக்குள் குளிர்ந்தது. அவர் அவளுடைய பேச்சைக் கேட்கட்டும், புஸ்தகம் என் கையில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்படியே எட்டு அத்தியாயம். எட்டிலும் அவள் சொன்னது ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் சித்தூரில் கண் ஆபரேஷன் கேம்ப் என்று தண்டோரா போட்டார்கள். நைனா பேர் கொடுத்தார். கண் வந்துவிட்டால் நோட்டைத்தானே முதலில் கேட்பார்?

ஒரு வாரம் தலையை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்கவேண்டும், கட்டுப் போட்டபடி. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி ஊட்டினேன், பெட்பேன் எடுத்தேன். நாலாம் நாள் அவள் இரண்டு பஸ் மாறி வந்து நின்றாள், கையில் துணியில் முடிந்த நாவல்பழத்தோடு. வாய் திறக்கக்கூட இல்லை. வாசலில் கால் வைத்ததும் நைனா கட்டுக்குள்ளிருந்து, "வந்துட்டியாம்மா?" என்றார். அவளுடைய வெறுங்கால் சத்தம் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று காலையில்தான் நான் உள்ளே வந்தபோது "யாரு, நர்ஸா?" என்று கேட்டிருந்தார்.

கண்ணாடி வர இன்னும் ஆறு வாரம் இருந்தது. எட்டு அத்தியாயத்தையும் திருத்தி எழுத அது தாராளமாகப் போதும். அவர் சொன்னது மொத்தமும் எனக்கு மனப்பாடம். புது நோட்டுகூட வாங்கி வைத்தேன். ஒவ்வொரு முறை பேனாவைத் திறக்கும்போதும் அந்த "வந்துட்டியாம்மா" காதில் விழும். மூடிவிடுவேன். போகட்டும், வந்தது வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

கண்ணாடி வந்தது, சோடாப்புட்டி மாதிரி தடிப்பாக. அதைப் போட்டுக்கொண்டு முதலில் என் முகத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இளைச்சிட்டியேம்மா," என்றார். எனக்கு அழுகை வந்தது. அடுத்த வார்த்தை, "நோட்டக் கொண்டா. அவளும் வரட்டும், கேக்கட்டும்."

அவள் வந்தாள். தலையில் எண்ணெய் தடவி, வெளுத்த புடவை கட்டி, சர்ச்சுக்கு வருவதுபோல் வந்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். நைனா நோட்டை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய கண் வரி வரியாக இறங்குவதைப் பார்த்தேன். பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"படிங்க ஐயோரே," என்றாள் அவள்.

நைனா தொண்டையைச் செருமினார். "இந்த ஊரின் சரித்திரம் யானாதிகளிடமிருந்து தொடங்குகிறது," என்று ஆரம்பித்தார். என் எழுத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிக்கொண்டே போனார். ஆறு நகர்ந்தது, கரை வளைந்தது, துரை வந்தது. பக்கம் திருப்பவேண்டிய இடத்தில் திருப்பினார். முத்தாத்தாவின் பேர் வந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோரே, எங்க முத்தாத்தா பேரு எங்க கீது? ஒரு தபா தொட்டுப் பாக்கறேன்," என்றாள்.

நைனா நோட்டைத் தாழ்த்தினார். அந்தத் தடித்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"நீ எழுதினது. நீயே காட்டும்மா," என்றார்.

நான் போனேன். அவள் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள், மீன் செதில் கீறிய விரல். அதைப் பிடித்தேன். இல்லை, நான் எழுதவில்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. விரலைக் கொண்டுபோய் என் கொள்ளுத்தாத்தாவின் பேர் மேல் வைத்தேன். அவள் அதை மூன்று தடவை தடவினாள். விரலைக் கண்ணில் ஒத்திக்கொண்டாள். அவளுடைய ஆட்களை எட்ட நிறுத்தியவர் பேரைக் கண்ணில் ஒத்திக்கொண்டாள்.

"இதானா ஐயோரே?" என்று நைனாவைக் கேட்டாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"டீச்சர் காட்டினா சரியாத்தாம்மா இருக்கும்," என்றார் நைனா.

அவள் போனதும் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். நான் அடிவாங்கத் தயாராக நின்றேன். திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். "எழுத்து முத்து முத்தா இருக்கு. வச்சிக்கோ, இது உன்னுது," என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் காலையிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தார்கள். அவருக்கு இப்போது கண் தெரிந்தது, தடி வேண்டாம். நான் வாங்கி வைத்திருந்த புது நோட்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் முன்னால் போய் நின்றேன். "நைனா, மறுபடி எழுதலாமா? நீங்க சொன்னா அப்பிடியே எழுதறேன். சத்தியமா." அவர் என் தலையில் கை வைத்தார். "இப்ப நானே பாத்துக்கினு வரேன்மா. எழுத வேணாம்," என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றவளோடு இறங்கிப் போனார்.

இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். எந்த மேட்டில் யார் இருந்தார்கள், எந்த வெள்ளத்தில் ஆறு எப்படித் திரும்பியது என்று அவள் காட்டக் காட்ட, அத்தனையும் பார்த்தார், கேட்டார். ஒரு வரிகூட எங்கும் எழுதிவைக்கவில்லை. அவர் போனார். அடுத்த இரண்டு வருஷத்தில் அவளும் காய்ச்சலில் போய்விட்டாள். சர்ச்சுக்கு ஆண்டுவிழா வந்தபோது மலர் போட என் நோட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். அப்படியே அச்சடித்தார்கள். இப்போது யாராவது காலேஜ் பிள்ளைகள் ஊர்ச் சரித்திரம் வேண்டும் என்று வந்தால் பாஸ்டர் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்.

அந்த ஒன்பது வருஷமும் காலையில் ஜன்னலில் நின்று அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் ஏதோ கேட்பார், அவள் கையை நீட்டி எதையோ காட்டுவாள், இரண்டு பேரும் நின்று பார்ப்பார்கள். என்ன காட்டினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.